கீமோ எடுக்கும் குழந்தை இருக்கும் வீட்டில் சின்னம்மை: செட்டிநாட்டுக் குடும்பத்தின் முன்னுள்ள வழிகள்

காரைக்குடி மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் கோயிலுக்குப் பால்குடம் எடுக்கும் மாசி, பங்குனி மாதங்களும் நம் பக்கத்தில் சின்னம்மை அதிகம் பரவும் காலமும் ஏறக்குறைய ஒன்றாகவே வருகின்றன. நல்ல உடல்நலமுள்ள குழந்தைக்கு அது ஒரு வாரம் பத்து நாள் படுத்தும் அரிப்பு, காய்ச்சல், பிறகு தலைக்குத் தண்ணீர் ஊற்றுவது என்ற அளவில் முடிந்துவிடுகிறது. ரத்தப் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்துக்கொண்டிருக்கும் குழந்தைக்கு அதே வைரஸ் உயிருக்கு ஆபத்தானது. அத்தகைய குழந்தையின் அருகே சின்னம்மை வந்துவிட்டது என்று தெரிந்த நாளில் குடும்பத்தின் முன் இருக்கும் வழிகளை, சென்னையிலிருந்து 400 கிலோமீட்டருக்கு அப்பாலும் மதுரை, திருச்சி இரண்டிலிருந்தும் சுமார் 90 கிலோமீட்டர் தொலைவிலும் உள்ள ஓர் ஊரின் கண்கொண்டு ஒப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம். முடிவை எடுப்பவர் குழந்தையின் புற்றுநோய் மருத்துவர்தான். ஆனால் அவர் தொலைபேசியில் கேட்கும் கேள்விகளுக்கு விடை வீட்டில்தான் இருக்கிறது.

ஆபத்தின் அளவை முதலில் சொல்லிவிட வேண்டும். வைரஸ் எதிர்ப்பு மருந்துகள் வருவதற்கு முன், 1975இல் வெளியான ஓர் அமெரிக்க மருத்துவமனையின் பதிவுகளின்படி, கீமோ பெற்றுக்கொண்டிருந்தபோது சின்னம்மை கண்ட குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு நுரையீரல், கல்லீரல், மூளை போன்ற உள்ளுறுப்புகள் வரை நோய் பரவியது. 100 பேரில் 7 பேர் வரை இறந்தனர். இன்று நிலைமை வெகுவாக மாறியிருப்பதற்குப் பெருங்காரணம் அசிக்ளோவிர் என்ற மருந்து. இந்தக் குழந்தைகள் ரத்தப் புற்றுநோய்க்காக நாள்தோறும் இரவில் விழுங்கும் 6-மெர்காப்டோப்யூரின் மாத்திரையை உருவாக்கிய ஜெர்ட்ரூட் எலியன்தான் அசிக்ளோவிர் பிறந்த ஆய்வுக்கும் முன்நின்றவர். 1988இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். நோயெதிர்ப்பைத் தாழ்த்தும் மாத்திரையும் அந்தத் தாழ்வில் நுழையும் வைரஸைத் தடுக்கும் மாத்திரையும் ஒரே ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தவை என்பது தற்செயல் இல்லை: இரண்டும் மரபணுவின் கட்டுமானப் பொருளைப் போல வேடமிட்டு, செல்லையோ வைரஸையோ பெருகவிடாமல் செய்பவை.

வழிகளை ஒப்பிடுவதற்கு முன் மூன்று விவரங்கள் கையில் இருக்க வேண்டும். முதலாவது, தொடர்பு உண்மையில் நிகழ்ந்ததா என்பது. சின்னம்மை காற்றிலும் பரவுவது. கொப்புளம் தெரிவதற்கு 1 அல்லது 2 நாள் முன்பிருந்தே, எல்லாக் கொப்புளமும் பொருக்குத் தட்டும் வரை அது தொற்றும். ஒரே அறையில் கால் மணி நேரம் இருந்ததோ, முகத்துக்கு முகம் பேசி விளையாடியதோ போதும். ஆகவே "அம்மை போட்டதும் பக்கத்தில் விடவில்லை" என்பது முழுப் பதில் ஆகாது. அதற்கு முந்தைய 2 நாட்கள் என்ன நடந்தது என்பதே கேள்வி. தாத்தாவுக்கு வந்த அக்கியும் இதே வைரஸ்தான். அக்கிக்குக் காவி எழுதிவிட்டதால் கொப்புளம் மூடப்பட்டதாகக் கொள்ளக் கூடாது. துணியாலோ கட்டாலோ மூடாத கொப்புளத்தின் நீர் பட்டால் குழந்தைக்குச் சின்னம்மையாக வரலாம்.

இரண்டாவது, குழந்தைக்கு ஏற்கெனவே சின்னம்மை வந்ததா, புற்றுநோய் கண்டறியப்படுவதற்கு முன் சின்னம்மைத் தடுப்பூசி 2 தவணையும் போடப்பட்டதா என்பது. இருந்தால் ஆபத்து குறைகிறது. ஆனால் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை பெற்ற குழந்தைக்கு அந்தப் பழைய பாதுகாப்பைக் கணக்கில் எடுப்பதில்லை. மூன்றாவது, தொடர்பு நிகழ்ந்த தேதி. எல்லா வழிகளும் இந்தத் தேதியிலிருந்தே எண்ணப்படுவதால் அதை நாட்காட்டியில் குறித்துவிட வேண்டும்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. "கவுன்ட் நன்றாக இருக்கிறது, பயமில்லை" என்று பெற்றோர் சொல்வதை அடிக்கடி கேட்கிறோம். அவர்கள் குறிப்பிடும் கவுன்ட் பெரும்பாலும் நியூட்ரோபில் என்ற வெள்ளையணு வகையின் எண்ணிக்கை. அது பாக்டீரியா, பூஞ்சை ஆகியவற்றுக்கு எதிரான முதல் காவல். சின்னம்மை வைரஸை அடக்குவது முக்கியமாக லிம்போசைட் வகைச் செல்கள். தீவிர சிகிச்சை முடிந்து, வீட்டிலிருந்தே மாத்திரைகளைத் தொடரும் மெயின்டனன்ஸ் காலத்தில் நியூட்ரோபில் 1,500 இருக்கும் குழந்தைக்கும் லிம்போசைட் மிகக் குறைந்திருக்கலாம். இடையிடையே தரப்படும் ஸ்டீராய்டு அதை மேலும் அடக்குகிறது. தலைமுடி வளர்ந்து, பள்ளிக்கும் போகத் தொடங்கிவிட்ட அந்தக் காலத்தில்தான் குடும்பம் தளர்ந்திருக்கும், குழந்தையும் பத்துப் பேரோடு பழகும்.

இனி வழிகள். முதலாவது, எதிர்ப்புப் புரதத்தை ஆயத்தமாக உடலில் செலுத்துவது. சின்னம்மைக்கென்றே பிரித்தெடுத்த இம்யூனோகுளோபுலின் ஊசி ஒன்று உண்டு; தொடர்பு ஏற்பட்ட 4 நாட்களுக்குள் போடுவது சிறந்தது, 10 நாள் வரையிலும் போடலாம். எடையைப் பொறுத்து அளவு, 10 கிலோவுக்கு 125 யூனிட். மருத்துவ நூல்களில் நெடுங்காலம் முதலிடம் வகித்த வழி இதுவே. ஆனால் இது விலை மிகுந்தது. நம் ஊர் மருந்துக் கடைகளில் கேட்டவுடன் எடுத்துத் தரும் பொருளும் இல்லை. பெருநகரத்திலிருந்து குளிர்ப்பெட்டியில் வரவழைப்பதற்குள் நாட்கள் கழிகின்றன. தசையில் போடும் ஊசியாகையால் ரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட் அணுக்கள் குறைந்திருக்கும் குழந்தைக்கு உள்ளே ரத்தம் கட்டும் அபாயமும் உண்டு. இது கிடைக்காதபோது பொதுவான இம்யூனோகுளோபுலினை நரம்பில், கிலோவுக்கு 400 மில்லிகிராம் வீதம் ஏற்றுவார்கள். 20 கிலோ குழந்தைக்கு 8 கிராம் தேவைப்படும். அதற்கு மருத்துவமனையில் பல மணி நேரம் இருக்க வேண்டும், செலவும் சிறிதன்று. வேறு காரணத்துக்காகக் கடந்த 3 வாரத்துக்குள் இதே அளவு ஏற்றப்பட்டிருந்தால் மீண்டும் தேவைப்படாமல் போகலாம் என்பதால், டிஸ்சார்ஜ் சுருக்கத்தை எடுத்துப் பார்ப்பது நல்லது.

இந்த வழிக்கு மற்றொரு விலையும் உண்டு. அதைப் பலர் கவனிப்பதில்லை. புரதம் நோயை எப்போதும் முற்றாகத் தடுப்பதில்லை, தணிக்கவும் தள்ளிப்போடவும் செய்கிறது. சாதாரணமாகச் சின்னம்மை 10 முதல் 21 நாளுக்குள் வெளிப்படும். இந்த ஊசி போட்ட குழந்தைக்கு 28 நாள் வரை காத்திருக்க வேண்டும். 8ஆம் நாள் முதல் 28ஆம் நாள் வரை குழந்தை பிறருக்குத் தொற்றக்கூடியவராகவே கருதப்படுவதால் மருத்துவமனை வருகை, பள்ளி, விசேஷம் அனைத்தும் ஒரு வாரம் கூடுதலாகத் தள்ளிப்போகின்றன.

இரண்டாவது வழி, அசிக்ளோவிர் மாத்திரையை முன்தடுப்பாகத் தருவது. இதில் கேட்பவர்களுக்கு வியப்பாக இருப்பது, உடனே தொடங்காமல் தொடர்பு ஏற்பட்ட 7ஆம் நாள் தொடங்குவது என்ற முறை. வைரஸ் முதலில் மூக்கு, தொண்டைப் பகுதியிலும் நிணநீர்க் கணுக்களிலும் அமைதியாகப் பெருகி, இரண்டாவது வாரத்தில்தான் ரத்தத்தில் பெருமளவில் பரவித் தோலை அடைகிறது. மருந்து அந்த இரண்டாம் அலையைச் சந்திக்க வேண்டும். 7 நாள் தொடர்ந்து, பொதுவாக நாளுக்கு 4 வேளை தரப்படுகிறது. மருந்து குடலில் ஐந்தில் ஒரு பங்கு அளவே உறிஞ்சப்படுவதால்தான் இத்தனை வேளை. வாலசிக்ளோவிர் என்ற அதன் உடன்பிறப்பு நன்றாக உறிஞ்சப்படுவது. விழுங்கத் தெரிந்த பெரிய குழந்தைக்கு மருத்துவர் அதைத் தேர்ந்தெடுக்கலாம். போதிய தண்ணீர் குடிக்கச் செய்ய வேண்டும், ஏனெனில் இம்மருந்து சிறுநீரகத்தின் வழியாக வெளியேறுகிறது. சிறுநீரகத்தைப் பாதிக்கும் கீமோ மருந்து அந்த வாரத்தில் இருந்தால் அளவும் தேதியும் மாறக்கூடும் என்பதால், மாத்திரை கடையில் கிடைக்கிறது என்பதற்காகத் தாமாக வாங்கிக் கொடுக்கக் கூடாது.

இந்த வழியின் பெரிய சிறப்பு, அது நம் ஊரிலேயே சாத்தியம் என்பது. மாத்திரை மலிவானது, தேவகோட்டையிலும் கிடைக்கும், குளிர்ப்பெட்டி வேண்டாம், பயணம் வேண்டாம். முடிவெடுக்க ஒரு வார அவகாசமும் தருகிறது. தொடர்பு ஏற்பட்டதே 5 நாள் கழித்துத் தெரியவருகிற நம் கூட்டுக் குடும்பங்களில் அது பெரிய வசதி. பிரிட்டன் 2022 முதல் பிறந்த குழந்தைகளைத் தவிர்த்த பெரும்பாலான ஆபத்துக் குழுவினருக்கு ஊசியை விட்டு வைரஸ் எதிர்ப்பு மாத்திரையையே முன்தடுப்பாகப் பரிந்துரைத்துவருகிறது. வசதி குறைந்தவர்களுக்கான இரண்டாந்தர ஏற்பாடு இது என்று எண்ணி வருந்த வேண்டியதில்லை.

குறை, அது பெற்றோரின் ஒழுங்கை நம்பியிருப்பது. ஏற்கெனவே இரவு மாத்திரை, வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்ஸேட், சனி ஞாயிறு இன்னொரு மருந்து என்று அட்டவணை நிறைந்த வீட்டில் நாளுக்கு 4 வேளை கூடுதலாகச் சேர்கிறது. குழந்தை வாந்தியெடுத்தால் அந்த வேளை போயிற்றா இல்லையா என்ற குழப்பம் வரும். வாய்ப்புண் உள்ள குழந்தையால் விழுங்கவே முடியாது; அந்நிலையில் இந்த வழி முடியாது என்பதை மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது.

மூன்றாவது வழி எதுவும் தராமல் கண்காணித்து, முதல் கொப்புளம் தெரிந்தவுடன் மருத்துவமனையில் சேர்த்து நரம்பு வழியாக அசிக்ளோவிர் தொடங்குவது. பெருநகரத்தில் புற்றுநோய்ப் பிரிவுக்கு அரை மணி நேரத்தில் போகக்கூடிய குடும்பத்துக்கு, அதிலும் முன்பே தடுப்பூசி போட்ட குழந்தைக்கு, இது நியாயமான வழியாக இருக்கலாம். நமக்கு இதன் பலவீனம் தூரம் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். உண்மையில் அதைவிடப் பெரிய பலவீனம் அடையாளம் காண்பதில் இருக்கிறது. எதிர்ப்புத் தாழ்ந்த குழந்தைக்குச் சில வேளை கொப்புளம் தோன்றுவதற்கு முன்பே கடுமையான வயிற்று வலியோ முதுகு வலியோ வந்து, கல்லீரல் பாதிப்பு தொடங்கியிருக்கும். அந்த வலியை வாயு என்று ஓமத் தண்ணீர் கொடுத்து ஓர் இரவைக் கழித்தால் இழப்பது மிகப் பெரிது. மாநிற உடலில் முதல் நாள் தெரியும் சிறு சிவப்புப் புள்ளியை மின்விளக்கின் மங்கலான ஒளியில் கொசுக்கடியிலிருந்து பிரித்தறிவதும் கடினம்.

என் தீர்ப்பு இது: சின்னம்மைக்கு எதிர்ப்பில்லாத, கீமோ நடந்துகொண்டிருக்கும் குழந்தை காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் வட்டாரத்தில் வசித்தால், 7ஆம் நாள் தொடங்கும் மாத்திரையே மருத்துவரிடம் முதலில் கேட்க வேண்டிய வழி. சிகிச்சையின் தீவிரமான முதல் மாதங்களில் இருக்கும் குழந்தைக்கு, தொடர்பு முதல் இரண்டு மூன்று நாளிலேயே தெரிந்து, ஏற்கெனவே மருத்துவமனையிலோ அதன் அருகிலோ இருந்தால், ஊசி அல்லது நரம்பு வழிப் புரதம் முன்னுக்கு வரும். வெறும் கண்காணிப்பு, முன் எதிர்ப்பு உறுதியாக உள்ள குழந்தைக்கு மட்டும். சில மருத்துவர்கள் புரதத்தையும் மாத்திரையையும் சேர்த்தே தருவதுண்டு, அதுவும் கேட்கத்தக்கது.

கீமோவை நிறுத்துவதா என்பது இவற்றோடு சேர்ந்தே எழும் கேள்வி. காத்திருப்புக் காலத்தில் ஸ்டீராய்டைத் தள்ளிவைக்கவும் சில மருந்துகளைக் குறைக்கவும் மருத்துவர் சொல்லலாம். பயத்தில் நாமே மெர்காப்டோப்யூரினை நிறுத்துவது கூடாது. அந்த மாத்திரை தவறும் அளவுக்கு நோய் திரும்பும் ஆபத்து ஏறுகிறது.

எந்த வழியைத் தேர்ந்தாலும் கொப்புளமோ காய்ச்சலோ வந்துவிட்டால் எங்கே போவது என்பதை முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். சிகிச்சை தந்த சென்னை மருத்துவமனைக்கே போக வேண்டும் என்று பல குடும்பங்கள் நினைக்கின்றன. விடியற்காலைப் பல்லவன் ரயிலுக்காகக் காத்திருப்பது மருத்துவ ரீதியாகத் தவறு. கொப்புளத்துடன் நெரிசலான பெட்டியில் ஏறுவது பிறருக்கும் தீங்கு. நரம்பு வழி அசிக்ளோவிர் அரிய மருந்து இல்லை. காரைக்குடி அரசு மருத்துவமனையிலோ, சிவகங்கை அல்லது புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ குழந்தை மருத்துவர், புற்றுநோய்ப் பிரிவோடு தொலைபேசியில் பேசிக்கொண்டே முதல் தவணையைத் தொடங்கிவிட முடியும். மதுரைக்கோ திருச்சிக்கோ 108 வண்டியில் அனுப்புவது அதற்குப் பிறகு. அந்த மருத்துவமனைகளில் மருந்து கையிருப்பில் இருக்கிறதா என்று காத்திருப்பு நாட்களிலேயே விசாரித்துவிடலாம். காய்ச்சலுக்குத் தனிக் கணக்கு உண்டு: ஒருமுறை 101 டிகிரியைத் தொட்டாலும், 100.4 டிகிரி ஒரு மணி நேரம் நீடித்தாலும், அம்மைக் காய்ச்சல்தான் என்று நாமே முடிவுகட்டாமல் உடனே போக வேண்டும். நியூட்ரோபில் 500க்குக் கீழே இருந்தால் பாக்டீரியாத் தொற்றுக்கான ஆன்டிபயாட்டிக் ஒரு மணி நேரத்துக்குள் ஏற வேண்டும். ஆஸ்பிரின், இபுபுரோஃபென் இரண்டும் ஆகாது.

குழந்தையை எங்கே வைப்பது என்பதிலும் மூன்று வழிகள் உண்டு. செட்டிநாட்டுப் பெரிய வீட்டில், அம்மை கண்டவரை பின்பக்கத்து இரண்டாம் கட்டில் வைத்து, கீமோ எடுக்கும் நோயாளிக் குழந்தையை முன்பக்கத்து முகப்பில் வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். வீட்டின் நடுப்பகுதியான வளவின் வானம் பார்த்த வெளி காற்றோட்டம் தருவது உண்மை. ஆனால் அறைகளெல்லாம் அந்த ஒரே வளவை நோக்கித் திறப்பவை, நடமாட்டமும் சமையலும் பொது. வீட்டுக்குள்ளே நீடிக்கும் தொடர்பு வைரஸின் அளவைக் கூட்டுவதால், முதல் தொடர்பு நடந்துவிட்ட பிறகும் பிரிப்பதில் பயன் உண்டு. சின்னம்மை கண்ட அண்ணனையோ அக்காளையோ, எல்லோருக்கும் ஏற்கெனவே அம்மை வந்துபோன உறவினர் வீட்டுக்கு அனுப்புவதே எனக்குச் சரியாகப் படுகிறது; நோயாளிக் குழந்தைக்குத் தன் தாயும், மருந்து அட்டவணையும், மருத்துவமனைக்குப் போகும் பழகிய வழியும் மாறாமல் இருக்கும். அம்மை கண்டவரை வீடு மாற்றுவதில்லை என்ற வழக்கத்தைக் குடும்பம் விடாவிட்டால், நோயாளிக் குழந்தையைத் தாயோடு வேறு வீட்டுக்கு மாற்றிவிட வேண்டியதுதான். மூன்றாவதாக, மருத்துவமனைக்கு அருகே தங்கும் விடுதிக்குப் போய்விடுவது. தீவிர சிகிச்சைக் காலத்தில் இது மற்ற எல்லாவற்றுக்கும் நல்ல ஏற்பாடு, சின்னம்மைக்கு மட்டும் விபரீதமானது. தொடர்பு ஏற்பட்ட குழந்தை 8ஆம் நாள் முதல் 21ஆம் நாள் வரை, கொப்புளம் தெரியாமலே பரப்பக்கூடும். விடுதியில் பக்கத்து அறையில் இருப்பதும் கீமோ எடுக்கும் குழந்தையே. புறநோயாளிப் பிரிவுக்குப் போகும்போதும் வாசலில் நுழையுமுன் தொலைபேசியில் சொல்லித் தனி அறை கேட்க வேண்டும்.

வழக்கங்களைப் பற்றி. அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகும் வழக்கம் நமக்கு உதவியாகவே இருக்கிறது. அது ஊருக்கெல்லாம் தெரியும் அறிவிப்பு. அம்மை போட்டிருக்கும்போது ஊசி மருந்து கூடாது என்ற கட்டுப்பாட்டை மட்டும் இந்தக் குழந்தைக்குத் தளர்த்தியாக வேண்டும். வீட்டுப் பெரியவர்களோடு அதை அம்மை வருவதற்கு முந்தைய சாதாரண நாளில் பேசுவது எளிது. பால்குடம் எடுக்கும் வேண்டுதலைச் சிகிச்சை முடிந்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ளலாம். வேப்பிலையையும் மஞ்சளையும் அரைத்துக் குழந்தையின் கொப்புளத்தில் பூச வேண்டாம். கிழியும் தோல் பாக்டீரியாவுக்கு வாசல். முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கோ திருமணத்துக்கோ உறவினர்கள் வெளியூர்களிலிருந்து கூடும்போது, "உங்கள் வீட்டில் 3 வாரத்துக்குள் யாருக்காவது அம்மை போட்டதா?" என்று அப்பத்தா கேட்டால் யாரும் மனக்குறைப்பட மாட்டார்கள், மருமகள் கேட்டால் படுவார்கள். கேட்கும் பொறுப்பை அப்பத்தாவிடமே விடலாம்.

இத்தனை ஒப்பீட்டையும் பெரும்பாலும் தேவையற்றதாக்கும் வழி ஒன்று உண்டு: கூட வாழ்வோருக்கு முன்பே தடுப்பூசி போடுவது. ஜப்பானில் மிச்சியாகி தகஹாஷி 1974இல் உருவாக்கிய சின்னம்மைத் தடுப்பூசி உயிருள்ள, வலுவிழந்த வைரஸ். கீமோ நடக்கும் குழந்தைக்கு அதைப் போடக் கூடாது. உடன்பிறந்தவர்களுக்கும், சின்னம்மை வராத பெரியவர்களுக்கும் 2 தவணை போடலாம், போட வேண்டும். வெப்ப நாடுகளில் சின்னம்மை வராமலே வளர்ந்தவர்கள் பலர் இருப்பதால் சித்தப்பா, சமையல்காரர், வீட்டுக்கு வரும் ஆசிரியர் எல்லோரையும் கேட்க வேண்டும். இது அரசின் இலவசத் தடுப்பூசி அட்டவணையில் இல்லை, தனியாரிடம் பணம் கொடுத்தே போட வேண்டும். ஒரு வேளை இம்யூனோகுளோபுலினோடு ஒப்பிட்டால் அந்தச் செலவு சிறியது. போட்ட பின் உடலில் கொப்புளம் வந்தால் மட்டும், அது மறையும் வரை ஒதுங்கியிருக்க வேண்டும். உடன்பிறந்த கைக்குழந்தைக்குப் போலியோ சொட்டு மருந்து தருவதற்கு முன் அங்கன்வாடியிலும் மருத்துவரிடமும் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் அந்த உயிருள்ள வைரஸ் மலத்தில் வாரக்கணக்கில் வெளியேறும். அவ்வீட்டுக்கு ஊசி வடிவப் போலியோ மருந்தே உரியது. தட்டம்மைக்கு அசிக்ளோவிர் போன்ற மருந்து எதுவுமில்லை, தொடர்பு ஏற்பட்ட 6 நாளுக்குள் இம்யூனோகுளோபுலின் மட்டுமே; ஆகவே உடன்பிறந்தவர்களின் தட்டம்மை-ரூபெல்லா தவணைகள் ஒன்றுகூட விடுபடக் கூடாது. உயிரற்ற வைரஸாலான ஃப்ளூ ஊசியை ஆண்டுதோறும் நோயாளிக் குழந்தை உட்பட எல்லோருக்கும் போடலாம்.

நோயாளிக் குழந்தையின் சொந்தத் தடுப்பூசிகள் கீமோ முடிந்து 3 முதல் 6 மாதம் கழிந்தபின், ரத்தப் பரிசோதனையைப் பார்த்து மீண்டும் தொடங்கும். அந்த அட்டவணையை எழுதி வாங்கும்போது, கடைசியாக ரத்தமும் இம்யூனோகுளோபுலினும் ஏற்றிய தேதிகளையும் அதே தாளில் சேர்க்கச் சொல்ல வேண்டும். அவற்றிலுள்ள பிறருடைய எதிர்ப்புப் புரதம் உடலில் தங்கியிருக்கும் மாதங்களில் தட்டம்மை, சின்னம்மைத் தடுப்பூசிகள் சரியாகப் பிடிப்பதில்லை.